கட்டுப் போட்ட காலோடு பார்த்த படங்கள்

நான் வயர்மேன். மன்னார்குடி பக்கம் பிறந்தவன். ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் வயர்மேன் ட்ரேட் படித்துவிட்டு 1994இல் சென்னைக்கு வந்தேன். அன்றிலிருந்து வீடு வீடாகப் போய் வயர் இழுப்பதுதான் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன்பு ஒரு கட்டடத்தில் ஏணி வழுக்கி விழுந்து வலது கால் எலும்பு முறிந்துபோனது. எட்டு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முதல் வாரம் மேலே சுற்றுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இறக்கை லேசாக இறங்கியிருக்கிறது, எழுந்ததும் சரி செய்ய வேண்டும். மகள்தான் டி.வி.யைக் கட்டிலுக்கு நேராகத் திருப்பி வைத்து, பார்க்க வேண்டிய படங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். "அப்பா, இத எல்லாம் பாத்து முடிங்க. அப்புறம் ஒவ்வொண்ணும் எப்படி இருக்குன்னு எனக்கு எழுதிக் குடுங்க" என்றாள். அவளுக்கு எழுதிக் கொடுத்ததைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முன்கூட்டியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் மேலேதான் போகும். கொக்கி எங்கே, மெயின் போர்டு எங்கே, டியூப்லைட் எந்தப் பக்கச் சுவரில் என்று பார்ப்பேன். பிறகு சுவிட்ச் போர்டு. எந்தச் சுவிட்சைச் சுற்றிச் சுவர் கறுத்திருக்கிறதோ அந்த இடத்தில்தான் அந்த வீட்டின் உயிர் இருக்கிறது. சில வீடுகளில் அது அடுப்படி. சில வீடுகளில் பிள்ளை படிக்கிற மூலை. படம் பார்க்கும்போதும் இந்தப் பழக்கம் போகவில்லை. இந்த வீட்டில் உண்மையாகவே ஆட்கள் இருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுகிறேன். இருக்கிறார்கள் என்று மனதுக்குப் பட்டுவிட்டால் படத்தில் மற்ற குறைகள் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன்.

தாளில் முதல் பெயர் 'மெய்யழகன்'. 2024 செப்டம்பரில் வெளியானபோதே ஒரு தியேட்டரில் பார்த்திருந்தேன். அங்கே ப்ரொஜெக்டர் விளக்கு மங்கிப்போயிருந்தது. படத்தின் பெரும்பகுதி இரவில் நடப்பதால் அர்விந்த் சுவாமியின் சட்டை தெரிந்ததே தவிர கண் தெரியவில்லை. அந்த விளக்குக்கெல்லாம் ஆயுள் உண்டு. இத்தனை மணி நேரம் எரிந்தால் மாற்ற வேண்டும் என்று கணக்கு இருக்கிறது. மாற்றாமல் ஓட்டினால் காசு கொடுத்து வந்தவன் பாதிப் படத்தைத்தான் பார்ப்பான். அதனால் வீட்டில் மறுபடி பார்த்தபோது எனக்கு அது கிட்டத்தட்டப் புதுப் படம்.

1996இல் தஞ்சாவூரில் ஒரு குடும்பம் சொத்துத் தகராறில் வீட்டை இழந்து சென்னைக்குப் போகிறது. போவதற்கு முன்பு அந்த வீட்டுப் பையன் அருள்மொழி, காலியான வீட்டுக்குள் தனியாகச் சுற்றி வருகிறான். அந்தக் காட்சியை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். வீடு காலி செய்கிறவர்கள் கடைசியாகக் கூப்பிடுகிற ஆள் நாங்கள்தான். பீரோ, கட்டில், பாத்திரம் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு ஃபேனையும் டியூப்லைட்டையும் கழற்ற ஆள் வேண்டும். கழற்றி இறக்கியதும் மேலே கொக்கி மட்டும் நிற்கும். அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். மாம்பலத்தில் ஒரு பெரியவர், ஃபேனைக் கழற்றிக் கீழே வைத்த பிறகும் சுவரில் இருந்த ரெகுலேட்டரைத் திருப்பிக்கொண்டே நின்றார். இந்தப் படத்தை எடுத்த பிரேம்குமாருக்கு அந்த மௌனம் தெரிந்திருக்கிறது.

இருபத்திரண்டு வருடம் கழித்து, தங்கை முறையுள்ள பெண்ணின் கல்யாணத்துக்காக அருள்மொழி, இப்போது அர்விந்த் சுவாமி, நீடாமங்கலத்துக்கு வருகிறான். சென்னையிலிருந்து கும்பகோணம் வழியாக ஊருக்குப் போகிற எங்களுக்கு நீடாமங்கலம் என்றால் ரயில்வே கேட்தான். கேட் போட்டுவிட்டால் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் இறங்கி டீ குடித்துவிட்டு வரலாம். வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற மூணாறு தலைப்பும் அந்தப் பக்கம்தான். ஊரின் பெயரைப் படத்தில் கேட்டதுமே எனக்குப் பாதி மனது இளகிவிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

கல்யாண வீட்டில் கார்த்தி ஓடி வந்து "அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். அருள்மொழிக்கு அவர் யார் என்று நினைவில்லை. பெயர் கேட்கக் கூச்சம். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு அந்த இரவு அவர் வீட்டிலேயே தங்க வேண்டி வருகிறது. இவ்வளவுதான் கதை. ஆனால் ஊரைவிட்டு வந்தவர்கள் எல்லோருக்கும் இந்தப் பயம் தெரியும். என் சித்தப்பாவின் கருமாதிக்குப் போனபோது ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு "என்னத் தெரியுதா?" என்றார். தெரியாமல் என்ன என்று சொன்னேன். என் பிள்ளைகள் பெயர், நான் சென்னைக்குப் போன வருடம் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ரசம் வாங்கிக் கொடுத்தார். அவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படத்தில் விடிவதற்கு முன்பே அர்விந்த் சுவாமி சொல்லாமல் கிளம்பிப் போகிறாரே, அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு நன்றாகப் புரிந்தது.

மேடையில் மணப்பெண், அண்ணன் கொண்டுவந்த பரிசைப் பிரித்து அங்கேயே போட்டுக்கொள்கிற காட்சியில் என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விட்டுப்போன ஒரு பழைய சைக்கிள் இன்னொரு குடும்பத்தை எப்படித் தூக்கி நிறுத்தியது என்று கார்த்தி சொல்கிற இடத்தில் நான் துடைத்துக்கொண்டேன். கருவிப் பையை கேரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போனவனுக்கு அந்தச் சைக்கிளின் விலை தெரியும்.

படம் வெளியான சில நாட்களிலேயே, நீளம் என்று சொல்லிப் பதினெட்டு நிமிடம் வெட்டினார்கள். கார்த்தி பாத்திரம் சரித்திரம் பேசுகிற பகுதி எனக்கும் கொஞ்சம் நீளமாகத்தான் பட்டது. ஒரு மனிதன் இவ்வளவு நல்லவனாக, இவ்வளவு விஷயம் தெரிந்தவனாக இருக்க முடியுமா என்றும் ஓரிடத்தில் தோன்றியது. இருந்தாலும் ராத்திரி முழுக்கப் பேசுகிற படத்தில், பேச்சு நீளமாக இருக்கிறது என்று வெட்டியிருக்கக் கூடாது. ராத்திரி பேச்சு அப்படித்தான் எங்கெங்கோ போகும். ஒளிப்பதிவு மகேந்திரன் ஜெயராஜு. அந்த இரவுகளில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று என்னால் சொல்ல முடிந்தது. தெருவிளக்கு, திண்ணை பல்பு, தூரத்தில் கல்யாண வீடு. வெளிச்சம் வருகிற இடம் தெரிந்தால்தான் இருட்டு இருட்டாக இருக்கும்.

அடுத்து 'டூரிஸ்ட் ஃபேமிலி'. 2025 மே 1இல் வந்தது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் தாங்க முடியாமல் சசிகுமார், சிம்ரன், இரண்டு மகன்கள் படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வருகிறார்கள். பிறகு சென்னையில் ஒரு காலனியில், எங்கிருந்து வந்தோம் என்பதை மறைத்துக் குடியிருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றது. செய்தியைப் படித்தபோது என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. 2012 வாக்கில் நம் பக்கம் பல ஊர்களில் பாதி நாள் மின்சாரம் இல்லாமல் சிறு பட்டறைகள் மூடிக் கிடந்ததைப் பார்த்தவன் நான். பதின்மூன்று மணி நேரம் என்றால் அங்கே தையல்காரர், ஐஸ் கடைக்காரர், என்னைப் போன்ற வயர்மேன் என்ன செய்திருப்பார்கள்? படகில் ஏறத் துணிகிற குடும்பத்தைப் பற்றிப் படம் அதிகம் விளக்கவில்லை. விளக்காமலே எனக்குப் புரிந்தது.

இந்தப் படத்தில் எனக்குப் பிடித்தது அந்தக் காலனிதான். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் வருடக்கணக்காகக் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்கிறவர்கள். நான் வேலை பார்க்கிற அடுக்குமாடிகள் எல்லாம் அப்படித்தான். இரண்டாம் மாடிக்காரருக்கு மூன்றாம் மாடிக்காரர் பெயர் தெரியாது. எனக்கு இரண்டு வீட்டு மெயினும் தெரியும், எந்த வீட்டில் நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் பிள்ளைகள் வெளிநாட்டில் என்பதும் தெரியும். அந்தக் காலனியில் ஒரு மூதாட்டி இறந்துபோகும்போது, நேற்று வந்த சசிகுமார்தான் எல்லோரையும் அந்த வாசலுக்கு வரவைக்கிறார். குமரவேல் அந்தக் காட்சியில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். மனைவி போன வீட்டில் ஆண்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பார்கள். எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்றே தெரியாமல்.

சின்ன மகனாக வருகிற கமலேஷ் பேசுவதற்காகவே இந்தப் படத்தை இன்னொரு முறை பார்க்கலாம். சிம்ரன் பேசுகிற ஈழத் தமிழ் எவ்வளவு சரி என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் "கதைக்கிறது" என்ற சொல் அவர் வாயில் ஒட்ட வைத்த மாதிரி இல்லை. போலீஸ் துரத்துகிற கதைதான் எனக்கு மெலிதாகப் பட்டது. எல்லோரும் கொஞ்சம் சீக்கிரமாகவே நல்லவர்களாகிவிடுகிறார்கள். அப்புறம் கடைசியில் காலனியே சேர்ந்து ஒரு காரியம் செய்யும். அதைச் சொல்ல மாட்டேன், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கால் வலி மறந்துபோனது.

'3 பி.எச்.கே.' படத்தை என் மனைவி பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அவளே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நான் வயர் இழுத்த ஃபிளாட்டுகளுக்குக் கணக்கு கிடையாது. பூஜை அறைக்கு எங்கே பாயிண்ட் வேண்டும், பாட்டி கைக்கு எட்டுகிற மாதிரி எந்தச் சுவிட்சைத் தாழ்த்த வேண்டும் என்று எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நாங்கள் இதுவரை ஏழு வாடகை வீடு மாறிவிட்டோம். 2006இல் கூடுவாஞ்சேரி தாண்டி ஒரு மனை பார்த்தோம். முன்பணம் சேருவதற்குள் மனைவிக்கு ஒரு ஆபரேஷன் வந்தது. மறுபடி சேர்த்துக்கொண்டு போனபோது அந்த விலைக்குக் கால் மனைகூடக் கிடைக்காது என்றார்கள். இதைத்தான் ஸ்ரீகணேஷ் படமாக எடுத்திருக்கிறார். அரவிந்த் சச்சிதானந்தம் எழுதிய சிறுகதையிலிருந்து வந்த கதை. அப்பா, அம்மா, மகன், மகள் நான்கு பேரும் உட்கார்ந்து வரவு செலவை எழுதிக் கூட்டிக் கழிக்கிறார்கள். சேர்ந்த பணம் மகன் படிப்புக்குப் போகிறது. மறுபடி சேர்க்கிறார்கள். அப்பாவின் இதயத்துக்குப் போகிறது. மறுபடி எழுதுகிறார்கள். ஒவ்வொரு முறையும் வீட்டின் விலை முன்னால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

1997இல் 'சூர்யவம்சம்' வந்தபோது இதே சரத்குமாரும் தேவயானியும் ஒரே பாட்டில் ஏழ்மையிலிருந்து உயர்ந்துவிடுவார்கள். சென்னைக்கு வந்த புதிதில், நாலு பேராக ஒரு அறையில் தங்கியிருந்தபோது அதைப் பார்த்தேன். எங்களுக்கும் அப்படி ஒரு பாட்டு வரும் என்று மனசார நம்பினேன். இப்போது அதே இருவர், நரைத்த தலையோடு, இருபது வருடம் உழைத்தும் ஒரு வீட்டு வாசலைத் தொட முடியாமல் நிற்கிறார்கள். இந்தப் படத்துக்கு இவர்களைத் தேர்ந்தெடுத்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போல இருந்தது. சரத்குமார் தோளைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நடக்கிறார். வீட்டுக் கடனுக்காக வங்கியில் வரிசையில் நிற்கிறவர்களின் தோள் அது.

குறையும் பெரியதுதான். கஷ்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக, டோக்கன் கொடுத்த மாதிரி வருகின்றன. நாம் அழுவதற்கு முன்பே பின்னணி இசை அழுதுவிடுகிறது. நடுத்தரக் குடும்பங்களில் இவ்வளவு கஷ்டத்துக்கு நடுவிலும் சிரிப்பு இருக்கும். அது போதவில்லை. சித்தார்த் பள்ளிக்கூடப் பையனாக வருவது ஒட்டவில்லை. ஆனால் படம் முடிந்ததும் என் மனைவி, "அந்தப் பொண்ணுக்குன்னு யாருமே தனியா ஒண்ணும் கேக்கல, கவனிச்சீங்களா?" என்றாள். மீதா ரகுநாத் செய்த மகள் பாத்திரத்தைச் சொன்னாள். அண்ணன் படிப்புக்காகத் தன் விருப்பத்தை விட்டுக்கொடுக்கிற பெண். நான் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதைக் கவனிக்கவில்லை. என் மகளை எந்தக் கல்லூரியில் சேர்த்தோம், அவள் எதைக் கேட்டாள் என்று அன்று ராத்திரி யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

'குடும்பஸ்தன்' இதே பாரத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறது. கோயம்புத்தூரில் வேலை போன மணிகண்டன், அதை வீட்டில் சொல்லாமல் கடனுக்கு மேல் கடன் வாங்குகிறார். அக்கா புருஷனாக வருகிற குரு சோமசுந்தரம் வாயைத் திறந்தாலே மனிதனுக்கு வயிறு எரியும். ஒவ்வொரு குடும்பத்திலும் அப்படி ஒரு மாப்பிள்ளை இருப்பார். சிரிப்புக்கு அடியில் பயம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இரண்டாம் பாதியில் கொஞ்சம் அலைகிறது. ஆனாலும் தாராளமாகப் பார்க்கலாம்.

நடுவில் ஒரு பெரிய நடிகரின் படமும் போட்டேன். பெயர் வேண்டாம். மாளிகை போல ஒரு வீடு. ஹாலில் மட்டும் நூறு விளக்கு. ஒரு சுவரில்கூட சுவிட்ச் இல்லை. அங்கே யாரும் விளக்கைப் போடுவதில்லை, அணைப்பதில்லை, தண்ணீர் குடிப்பதில்லை. அரை மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன்.

அதற்கு அடுத்த நாள் 'வாழை'. மாரி செல்வராஜ் தன் சிறு வயதுக் கதையைத் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தில் வைத்து எடுத்திருக்கிறார். சிவனணைந்தான் என்ற பையன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படிக்கிறவன். சனி, ஞாயிறு அம்மாவோடும் அக்காவோடும் காய் சுமக்கப் போக வேண்டும். மற்ற பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மணி அடித்ததும் கத்திக்கொண்டு ஓடுவார்கள். அவனுக்கு அன்றைக்குத்தான் பயம் ஆரம்பிக்கிறது. வாழைத்தாரைத் தலையில் வைத்துச் சேற்றில் காலைத் துழாவித் துழாவி வைக்கிற அந்த நடையைப் பார்த்ததும் என் பின்கழுத்து வலித்தது. நான் சுமந்தது நாற்றுக்கட்டு. நாற்றங்காலிலிருந்து நடவு வயலுக்கு வரப்பிலே கொண்டுபோய்ப் போட வேண்டும். கட்டிலிருந்து தண்ணீர் வழிந்து முதுகுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமை வகுப்பில் வாத்தியார் நிமிர்ந்து உட்காரச் சொன்னால் கழுத்து நிமிராது. அந்த வலியைப் படத்தில் நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

கூலியை ஒரு ரூபாய் கூட்டிக் கேட்பதற்காக கலையரசன் நடித்த கனி எழுந்து நிற்கிற இடம் இருக்கிறது. ஒரு ரூபாய். அந்த ஒரு ரூபாயை எங்கே பிடித்து மிச்சம் பண்ணலாம் என்று வியாபாரி கணக்குப் போடுவதில்தான் முழுக் கதையும் நிற்கிறது. இது 1999இல் உண்மையாகவே நடந்த ஒரு விபத்தை வைத்து எடுத்த படம். கட்டட வேலையில் இருக்கிற எங்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். ஒரு பெல்ட், ஒரு நல்ல ஏணி, ஒரு ஆள் கூடுதலாக. அங்கே மிச்சம் பிடிப்பார்கள். நான் விழுந்த அன்றைக்கு ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தேன்.

பொன்வேலும் ராகுலும் அந்தப் பையன்களாகவே இருக்கிறார்கள். ஒருவன் ரஜினி ரசிகன், இன்னொருவன் கமல் ரசிகன். அவர்கள் சண்டையில் நாங்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பூங்கொடி டீச்சர் மேல் அந்தப் பையனுக்கு இருக்கிற பிரியத்தை நீளம் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து நாள் வெளிச்சம் இருக்கிறது என்று காட்டினால்தானே மற்ற இரண்டு நாள் என்ன என்று நமக்குத் தெரியும். கடைசியில் பசியோடு அவன் சோற்றுக்கு முன்னால் உட்காருகிறான். அதற்கு மேல் எழுத எனக்கு வரவில்லை. மகள் டி.வி.யை அணைத்துவிட்டு எங்களுக்குச் சோறு போடாமல் வெகு நேரம் அடுப்படியிலேயே நின்றாள்.

'கொட்டுக்காளி'யும் வாழை வந்த அதே நாளில்தான், 2024 ஆகஸ்ட் 23இல், தியேட்டருக்கு வந்தது. இரண்டையும் ஒரே நாளில் விட்டது அநியாயம் என்று இப்போது தோன்றுகிறது. மதுரைப் பக்கத்து பி.எஸ்.வினோத்ராஜ் எடுத்தது. இவருடைய முதல் படம் 'கூழாங்கல்' 2021இல் ராட்டர்டாம் விழாவில் முதல் பரிசு வாங்கியது. இந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ எஞ்சின், பைக், கட்டிப்போட்ட சேவல், தொண்டை கட்டிப்போன சூரியின் குரல், இவ்வளவுதான். மீனா என்கிற பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவு செய்து, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் அவளை ஒரு சாமியாரிடம் கூட்டிப்போகிறது. அவள் வேறு சாதிப் பையனை விரும்பிவிட்டாள், அதுதான் பேய்.

அன்னா பென் படம் முழுக்க வாயே திறப்பதில்லை என்று சொல்லலாம். அப்படியும் அந்த ஆட்டோவில் அவர் ஒருவர்தான் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது. சூரியை இத்தனை வருடம் சிரிக்க வைக்கிற ஆளாகவே பார்த்திருந்தோம். வழியில் அவர் கையை ஓங்குகிற இடத்தில் என் மனைவி திரையைப் பார்க்கவில்லை. வழியை மறித்து ஒரு காளை நிற்கிறது. அத்தனை ஆம்பளைகளும் தயங்குகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சாதாரணமாக ஓட்டிக்கொண்டு போகிறாள். நூறு வசனம் பேசினாலும் அந்த இரண்டு நிமிடம் சொன்னதைச் சொல்ல முடியாது. படம் பதில் சொல்லாமல் நின்றுவிடுகிறது. மனைவிக்குக் கோபம். "அந்தப் பொண்ணு என்ன ஆனா?" என்று சாப்பிடும்போதும் கேட்டாள், படுக்கும்போதும் கேட்டாள். எடுத்தவருக்கு வேண்டியதும் அந்தக் கேள்வியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மெதுவாகப் போகிற படம் பிடிக்காதவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு இதைப் பாருங்கள்.

இந்த இரண்டு படங்களின் கனம் இறங்குவதற்காக மகள் 'லப்பர் பந்து' போட்டாள். அதைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கல்யாண வயதில் மகள் இருக்கிற கெத்து தினேஷ், பந்தைப் பார்த்தால் பையனாகிவிடுகிறார். அவர் இறங்கும்போது ஒலிக்கிற பழைய விஜயகாந்த் பாட்டுக்கு நான் கட்டிலிலிருந்தே கைதட்டினேன். கணவனை விளையாட விடக் கூடாது என்று டிராக்டரை மைதானத்துக்குள் ஓட்டி வருகிற ஸ்வாசிகாவை என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துப்போனது. விளையாட்டுக்குள்ளே சாதி எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைத் தமிழரசன் பச்சமுத்து தொண்டை கிழியக் கத்தாமல் சொல்கிறார். நன்றாக ஆடுகிற ஹரிஷ் கல்யாணை ஒரு அணி உள்ளே விடாமல் வெளியிலேயே நிற்க வைப்பதைப் பார்த்தபோது, எங்கள் ஊரில் அப்படி நின்ற இரண்டு பேரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் உள்ளே ஆடிக்கொண்டிருந்தேன். அப்போது எதுவும் கேட்கவில்லை.

தாளின் அடியில் ஒரு மலையாளப் படம். 'ஆல் வி இமேஜின் ஆஸ் லைட்'. மலையாளத்தில் 'பிரபயாய் நினச்சதெல்லாம்'. பாயல் கபாடியா எடுத்தது. 2024 கான் விழாவில் இரண்டாவது பெரிய பரிசான கிராண்ட் ப்ரீ கிடைத்தது. முப்பது வருடம் கழித்து அங்கே போட்டிப் பிரிவுக்குப் போன இந்தியப் படம். பரிசு வாங்கிய படம் என்றதும் எனக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. "வெளிச்சம்னு பேர் இருக்குப்பா, உங்களுக்குத்தான்" என்றாள் மகள்.

மும்பையில் வேலை செய்கிற இரண்டு கேரள நர்சுகள். மூத்தவள் பிரபாவின் கணவன் கல்யாணமானதும் ஜெர்மனிக்குப் போனவன், போன் பண்ணுவதில்லை. ஒரு நாள் அங்கிருந்து ஒரு ரைஸ் குக்கர் வருகிறது. அனுப்பியவர் பெயர் இல்லை. ராத்திரியில் தரையில் உட்கார்ந்து அந்தக் குக்கரை அவள் கட்டிப்பிடித்துக்கொள்கிறாள். எத்தனையோ வீடுகளில், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பிய மிஷின்களுக்கு நம் ஊர் ப்ளக் பொருந்தவில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். ப்ளக் மாற்றிக் கொடுத்ததும் உடனே போட்டுப் பார்க்க மாட்டார்கள். துடைத்து அட்டைப் பெட்டிக்குள்ளேயே திருப்பி வைப்பார்கள். ஏன் என்று இந்தப் படம் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கனி குஸ்ருதி அந்தக் காட்சியில் அழவில்லை. கையை மட்டும் பாருங்கள்.

அவர்கள் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை செய்கிற பார்வதி, மில் தொழிலாளியின் விதவை. இருபது வருடத்துக்கு மேல் இருந்த வீட்டிலிருந்து பில்டர் துரத்துகிறான். அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு ஒரு காகிதமும் இல்லை. '3 பி.எச்.கே.'யில் வீடு வாங்க முடியாமல் தவிக்கிறார்கள். இங்கே, இருந்த வீட்டில் இருந்தேன் என்று நிரூபிக்க முடியவில்லை. அவளும் பிரபாவும் ராத்திரியில் அந்த பில்டரின் விளம்பரப் பலகை மேல் கல்லெறிகிறார்கள். நான் வயர் இழுத்த கட்டடங்கள் நின்ற இடத்தில் முன்பு யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. வேலை கிடைத்தால் போதும் என்றுதான் போயிருக்கிறேன்.

பார்வதி ரத்னகிரி பக்கத்துச் சொந்த ஊருக்கே திரும்பிப் போகிறாள். இரண்டு நர்சுகளும் அவளைக் கொண்டுபோய் விடுகிறார்கள். மும்பை இருந்தவரை மழையும் நீல இருட்டும் ரயில் வெளிச்சமும்தான். அங்கே போனதும் வெயில். கடற்கரையில் ஒருவனை நீரிலிருந்து இழுத்துப் போடுவதும், பிரபா அவனிடம் பேசுவதும் முதல் தடவை எனக்குப் புரியவில்லை. மகளிடம் கேட்டேன். "புரியணும்னு அவசரப்படாதீங்கப்பா" என்றாள். மறுநாள் அவள் வேலைக்குப் போன பிறகு தனியாகப் போட்டுப் பார்த்தேன். பிரபா அந்த மனிதனிடம் பேசவில்லை, ஜெர்மனியில் இருப்பவனிடம் பேசுகிறாள் என்று அப்போது தெரிந்தது.

கடைசிக் காட்சியில் கடற்கரையில் ஒரு சின்னக் கடை. கூரையைச் சுற்றிக் கலர் கலராகச் சீரியல் லைட். ராத்திரி. இளைய நர்சு அனுவின் காதலனையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டு எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். கேமரா மெதுவாகப் பின்னால் போகிறது. சுற்றிலும் இருட்டு, மேலே நட்சத்திரம், நடுவில் அந்த ஒரு கடை மட்டும் எரிகிறது. கடையில் வேலை செய்கிற பிள்ளை தன் பாட்டுக்கு ஆடுகிறது. சீரியல் செட் கட்டுவதை எங்கள் தொழிலில் பெரிய வேலையாக யாரும் மதிக்க மாட்டார்கள். கோயில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் பையன்களை விட்டுக் கட்டச் சொல்வோம். காற்றில் ஆடி எங்காவது ஒரு பல்பு போனால், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் கடையின் இடது ஓரத்தில் ஏதாவது ஒன்று விட்டுவிட்டு எரிகிறதா என்று தேடினேன். எல்லாம் எரிந்துகொண்டிருந்தது.

வருகிற திங்கட்கிழமை கட்டுப் பிரிக்கிறார்கள்.